'டெஸ்டி' என்ற சொல் 'டெஸ்ட்' என்பதிலிருந்து வந்ததா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சொல்லின் பொருள்தான். செய்தியாளர் ஒருவர் மூன்றாம் முறையாக அதே கேள்வியைக் கேட்டபோது அமைச்சர் 'டெஸ்டி'யான பதிலைத் தந்தார் என்று ஆங்கில நாளிதழில் படித்திருக்கிறீர்கள். அகராதியைப் புரட்டினால் 'எளிதில் எரிச்சல் கொள்கிற' என்று இருக்கிறது. ஆனால் சொல்லின் உருவம் 'டெஸ்ட்' என்பதை நினைவூட்டுவதால், கேட்பவரின் பொறுமையைச் சோதிக்கிற பதில் என்று கொள்ளலாமோ என்ற ஐயம் உங்களுக்கு எழுந்திருக்கிறது. கூடவே 'டெட்சி', 'டச்சி' என்ற இரண்டும் இதே சொல்லின் வேறு வடிவங்களா என்றும், தமிழில் 'சிடுமூஞ்சித்தனமான' என்று எழுதினால் சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கு ஐயங்களுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன்: ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், அது இன்று என்ன சொல்கிறது என்பதும் தெரிந்துவிடுமா? இந்தச் சொல்லின் வரலாறு அதற்கு நல்ல விடை தருகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குள்ள தகுதியையும் அதன் எல்லையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதுகலையில் நான் படித்தது மொழியியல். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் செய்த மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடுவதுமே என் தொழில். லத்தீனும் பழைய பிரெஞ்சும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆகவே அறிஞர்கள் ஒருமித்து ஏற்றுக்கொண்டதை உறுதியாகவும், அவர்களே கருத்து வேறுபடும் இடங்களை ஐயத்துக்குரியவையாகவும் பிரித்தே சொல்கிறேன். எந்தத் தமிழ்ச் சொல் எங்கே பொருந்தும் என்று பின்னால் சொல்லப்போவது மட்டும் என் தொழில் அனுபவத்திலிருந்து வருவது. அதில் நீங்கள் என்னோடு மாறுபட இடமுண்டு.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். 'டெஸ்டி' என்பது 'டெஸ்ட்' என்ற பெயர்ச்சொல்லோடு 'இ' என்ற விகுதி சேர்ந்து உருவானது அன்று. தூசியைக் குறிக்கும் 'டஸ்ட்' என்பதிலிருந்து 'டஸ்டி' வந்ததைப் போல இதுவும் வந்திருக்கும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தச் சொல்லின் பழைய வடிவம் 'டெஸ்டிஃப்'. இங்கிலாந்தை நார்மானியர் 1066இல் வென்றபின் அந்நாட்டு மேற்குடியினர் பேசிய பிரெஞ்சில் வழங்கிய சொல் அது. 'டெஸ்ட்' என்று அவர்கள் எழுதிய சொல்லுக்குத் தலை என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் அது 'தெத்' என்று ஒலிக்கிறது. அதனோடு 'இஃப்' என்னும் பிரெஞ்சு விகுதி சேர்ந்து 'டெஸ்டிஃப்' ஆயிற்று. ஆங்கிலத்துக்குள் வந்தபின் கடைசியிலிருந்த 'ஃப்' உதிர்ந்தது. இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்தது அன்று: விரைவைக் குறிக்கும் 'ஹேஸ்டி' முன்பு 'ஹேஸ்டிஃப்', களிப்பைக் குறிக்கும் 'ஜாலி' முன்பு 'ஜாலிஃப்', தாமதத்தைக் குறிக்கும் 'டார்டி' முன்பு 'டார்டிஃப்'. நம் பேச்சுத் தமிழில் 'ஜாலியாக இருந்தோம்' என்று சொல்லும்போது அந்த 'ஜாலி'யும் இதே வழியில் வால் இழந்து வந்த சொல்தான். இவ்வளவு ஒழுங்காக ஒரு வரிசையே கிடைத்துவிட்டால், சொற்பிறப்பில் ஊகத்துக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

இனி அந்தத் 'தலை'யைப் பற்றி. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி இதுதான்; தமிழ் அறிந்தவருக்கு இது மற்றவரைவிட எளிதில் விளங்கும். பழைய லத்தீனில் தலைக்கு உரிய சொல் 'கபுட்'. 'டெஸ்டா' என்பதற்குச் சுட்ட மண்கலம், பானையோடு, கூரையோடு, நத்தை போன்ற உயிர்களின் ஓடு என்பவையே பொருள்கள். ஆமைக்கு லத்தீனில் 'டெஸ்டூடோ' என்று பெயர். ஓடுடையது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நாம் 'ஓடு' என்ற ஒரே சொல்லால் கூரையோடு, முட்டையோடு, ஆமையோடு, திருவோடு, மண்டையோடு எல்லாவற்றையும் சொல்வதை நினைத்துப் பாருங்கள். 'டெஸ்டா' ஏறத்தாழ அதே பரப்பைக் கொண்ட சொல். 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் அவுசோனியஸ், நாற்சந்தியில் புதைக்கப்படாமல் கிடந்த ஒரு மண்டையோட்டைப் பற்றிய சிறு பாட்டில் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். பேச்சு லத்தீனில் மண்டையோடு மெல்ல உயிருள்ள தலையையும் குறிக்கத் தொடங்கி, பிற்காலத்தில் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் தலைக்கு உரிய பொதுச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. போர்ச்சுகீசியத்தில் அதே 'டெஸ்டா' நெற்றியைக் குறிக்கிறது. பானையைச் சொல்லி மனிதத் தலையைக் குறிப்பது முதலில் கொச்சையாகவோ கேலியாகவோ தொடங்கியிருக்கும் என்பது பரவலான கருத்து. அது இயல்பான ஊகமே தவிர மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அன்று. 'டெஸ்டா' என்ற சொல் லத்தீனுக்குள்ளேயே எந்த வேரில் கிளைத்தது என்பதிலும் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை.

கலம் தலையாவது லத்தீனில் மட்டும் நடந்ததன்று. ஜெர்மன் மொழியில் தலையைக் குறிக்கும் 'கோப்ஃப்' என்ற சொல், நாம் தேநீர் குடிக்கும் 'கப்'பின் உறவு. வடமொழியின் 'கபாலம்' உண்கலத்தையும் மண்டையோட்டையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இன்று 'மண்டை' என்றால் தலைதான். ஆனால் சங்கப் பாடல்களில் மண்டை என்பது பாணரும் இரவலரும் கையில் ஏந்திய உண்கலம். அதியமான் நெடுமான் அஞ்சி போரில் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டில், அவன் மார்பில் தைத்த வேல் 'இரும்பாணர் அகன்மண்டைத் துளையுரீஇ' இரப்போர் கையையும் ஊடுருவிச் சென்றதாக வருகிறது. அங்கே மண்டையைத் தலை என்று படித்தால் அந்தப் பாட்டின் துயரமே நழுவிவிடும். வேல் துளைத்தது அவனை நம்பி வாழ்ந்தவர்களின் சோற்றுக்கலத்தை. ரோமிலும் இங்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஒரே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. இதைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. சுட்ட மண்ணின் வளைவும் தலையின் வளைவும் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது போதும்.

ஆக, 'டெஸ்டிஃப்' என்பதன் முதற்பொருள் தலை மிகுந்தவன், தன் தலை போன போக்கில் போகிறவன் என்பது. அதில் எரிச்சல் இல்லை. இதற்கு நல்ல சான்று 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரிடம் கிடைக்கிறது. ட்ராய் போரைப் பின்னணியாகக் கொண்ட அவருடைய காதல் காவியத்தில் கிரேக்க வீரன் டயோமிடீஸை வருணிக்கும்போது, துணிவுடையவன், 'டெஸ்டிஃப்', வலியவன், வீரப் பண்புடையவன் என்று அடுக்குகிறார். முன்னும் பின்னும் புகழ்ச்சிச் சொற்களே நிற்கும் அந்த வரிசையில் 'சிடுசிடுப்பானவன்' என்று படிக்க வழியே இல்லை. தயங்காமல் முன்பாய்கிறவன் என்றுதான் கொள்ள வேண்டும். கேன்டர்பரி யாத்திரிகர் கதைகளில் ஒன்றில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் வருகிறார்கள். மாவரைப்பவன் தானியத்தைத் திருடாமல் கண்முன்னே பார்த்து வருகிறோம் என்று தங்கள் கல்லூரித் தலைவரிடம் அடம்பிடித்து உத்தரவு வாங்கும் அந்த இளைஞர்களையும் சாசர் 'டெஸ்டிஃப்' என்றே சொல்கிறார். அவர்கள் விளையாட்டில் ஆசையுள்ளவர்கள் என்றும் அதே வரியில் சேர்க்கிறார். இங்கே பொருள் பிடிவாதத்தின் பக்கம் சாய்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அங்கேயே நின்றுவிட்டார்கள்: அதே தலையிலிருந்து பிறந்த 'தெத்யு' என்ற சொல்லுக்கு அவர்களிடம் பிடிவாதக்காரன் என்றே பொருள். ஸ்பானியத்தின் 'டெஸ்டரூடோ'வும் அப்படியே.

ஆங்கிலம் மட்டும் வேறு வழியில் போயிற்று. 15ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் யோசியாமல் பாய்கிற, பதற்றமுள்ள என்ற பொருளில் வழங்கியது. 1520களில் எளிதில் எரிச்சலடைகிற என்ற பொருள் எழுத்தில் தென்படத் தொடங்கியது. பதறிப் பாய்கிறவன் தடைகளைப் பொறுக்கமாட்டான்; தடையைப் பொறுக்காதவன் தடுப்பவர்மேல் எரிந்து விழுவான். பொருள் நகர்ந்த பாதை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். காலங்கள் பதிவிலிருந்து கிடைப்பவை. அந்தப் பாதையை நாம் இடையில் இட்டு நிரப்புகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இந்தப் பாதைக்கு அரணாக நான் எப்போதும் காட்டுவது, 1599ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸும் காஷியஸும் கூடாரத்துக்குள் சண்டையிடும் காட்சி. உன்னுடைய 'டெஸ்டி'யான குணத்துக்கு முன்னால் நான் குனிந்து நிற்க வேண்டுமா என்று புரூட்டஸ் கேட்கிறான். அடுத்த மூச்சில், உன் மண்ணீரலின் நஞ்சை நீயே விழுங்கிச் செரித்துக்கொள் என்கிறான். இங்கே பொருள் ஐயமின்றி எரிச்சல். சற்று நேரத்தில் சண்டை தணிகிறது. அப்போது காஷியஸ், என் தாய் எனக்குக் கொடுத்த பதற்ற குணம் என்னை நிலைமறக்கச் செய்யும்போது அதைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு உனக்கு அன்பு இல்லையா என்று கேட்கிறான். ஒரே மனிதனின் ஒரே குணத்தை, கோபத்தில் இருப்பவன் எரிச்சல் என்கிறான், அதை உடையவன் பதற்றம் என்கிறான். பழைய பொருளும் புதிய பொருளும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதை அகராதியின் ஆண்டுக்கணக்கைவிட அந்தக் காட்சி தெளிவாகக் காட்டுகிறது. மண்ணீரல் அங்கே ஏன் வந்தது என்று கேட்பீர்கள். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் அளவே மனிதனின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவம். கரும்பித்தத்தின் இருப்பிடமான மண்ணீரலை எரிச்சலுக்கும் இடமாகக் கருதினார்கள்; மஞ்சள் பித்தம் மிகுந்தால் கோபம். இதைத் தமிழில் தரும்போது கவனம் தேவை. ஆங்கிலத்தில் பித்தம் கோபத்தின் பக்கம் போயிற்று. தமிழில் பித்தும் பித்தனும் பித்தம் தலைக்கேறுதலும் மனம் பேதலிப்பதன் பக்கம் போயின. 'பித்த குணமுள்ளவன்' என்று எழுதினால் நம் வாசகருக்குக் கோபக்காரன் தோன்றமாட்டான்.

இப்போது உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். சோதனையைக் குறிக்கும் 'டெஸ்ட்' இந்தச் சொல்லுக்குத் தாய் அன்று. ஆனால் தூரத்து உறவுதான். லத்தீனில் 'டெஸ்டா'வோடு சேர்த்து எண்ணப்படும் 'டெஸ்டும்' என்ற சொல்லும் மண்சட்டியைக் குறித்தது. பொன், வெள்ளியின் தூய்மையைப் பார்ப்பவர்கள் அவற்றைக் காரீயத்தோடு சேர்த்து ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து உருக்குவார்கள். காரீயமும் மற்றக் கலப்பும் கிண்ணத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட, தூய உலோகம் ஒரு மணியாக எஞ்சும். அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் 'டெஸ்ட்'. சாசரின் காலத்தில் அந்தப் பொருளில்தான் அது ஆங்கிலத்தில் வழங்கியது. கிண்ணத்தின் பெயர் அதில் நடக்கும் சோதனைக்கு ஆகி, பிறகு எல்லாச் சோதனைக்கும் ஆயிற்று. பொதுவான சோதனை என்ற பொருள் பதிவாவது 1590களில். எரிச்சல் என்ற பொருளில் 'டெஸ்டி' அதற்குச் சுமார் 70 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஆகவே பொறுமையைச் சோதிப்பது என்ற கருத்திலிருந்து 'டெஸ்டி' பிறந்திருக்க முடியாது என்பதை வடிவம் மட்டுமன்றிக் காலமும் உறுதிசெய்கிறது. ஒரே மண்ணில் வனைந்த இரண்டு கலங்கள் இவை; ஒன்று தட்டானின் உலைக்கும் மற்றொன்று மனிதனின் கழுத்துக்கு மேலும் போய்ச் சேர்ந்தன. சாட்சியம் தொடர்பான 'டெஸ்டிஃபை', 'டெஸ்டிமனி' முதலியவற்றுக்கு இந்த உறவுகூட இல்லை. அவை சாட்சியைக் குறிக்கும் 'டெஸ்டிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. இரு தரப்புக்கும் அப்பால் மூன்றாமவனாக நிற்பவன் என்பதே அதன் அடிப்பொருள் என்பர்.

'டெட்சி'யும் 'டச்சி'யும் அப்படி உறுதியாகப் பேச இடம்தருவன அல்ல. 'டெட்சி' எழுத்தில் தோன்றுவது 1590களில். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் செவிலித்தாய் ஜூலியட்டின் குழந்தைப் பருவத்தைச் சொல்லும்போது, பால் மறக்கடிக்க மார்க்காம்பில் கசப்புப் பூண்டின் சாற்றைத் தடவினேன், வாய் வைத்த குழந்தை 'டெட்சி'யாகி மார்போடு சண்டை பிடித்தது என்கிறாள். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்த வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்தக் குழந்தையின் முகம் அப்படியே தெரியும். அது 'டெஸ்டி' அன்று. சிணுக்கமும் முரண்டும் கலந்த எரிச்சல். இந்தச் சொல், கறை அல்லது கெட்ட பழக்கம் என்று பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பெரும்பாலான அகராதிகள் முன்வைக்கும் கருத்து; அவையும் 'இருக்கலாம்' என்றே சொல்கின்றன. 'டச்சி' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது. தொடுதலைக் குறிக்கும் 'டச்' என்பதிலிருந்து நேரே பிறந்ததா, அல்லது வேர் விளங்காமல் போன 'டெட்சி'யை மக்கள் தங்களுக்குத் தெரிந்த 'டச்'சோடு பொருத்தித் திருத்திக்கொண்டதா என்பது தீராத கேள்வி. இரண்டாவதே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. பொருள் விளங்காத சொல்லை விளங்கும் உருவத்துக்கு இழுத்துக்கொள்வது எல்லா மொழியிலும் மக்களின் இயல்பு. நீங்கள் 'டெஸ்டி'யை 'டெஸ்ட்'டோடு பொருத்தியதும் அதே இயல்பினால்தான். எப்படியிருப்பினும் இம்மூன்றும் ஒன்றன் வடிவங்கள் அல்ல. 'டெஸ்டி' தனிக் குடும்பம், மற்ற இரண்டும் ஒருவேளை உறவாக இருக்கலாம்.

இனி உங்கள் ஆழமான கேள்வி. பிறப்பு தெரிந்துவிட்டதால், 'டெஸ்டி'யைத் தலையோடு சேர்த்துத் 'தலைக்கனம்' என்றோ 'மண்டைக்கனம்' என்றோ மொழிபெயர்க்கலாமா? கூடாது. தமிழில் தலையின் கனம் செருக்கைக் குறிக்கிறது. கோபத்துக்கு நாம் வைத்திருக்கும் இடம் மூக்கு. வேரைப் பிடித்துக்கொண்டு இன்றைய பொருளைச் சொல்ல முயல்வது எவ்வளவு தவறாகும் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று வெகுளி. உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு சூழ்தல்), அலை (வைதும் அடித்தும் துன்புறுத்தல்), கொலை என்ற நான்கிலிருந்தும் பிறக்கும் சினம் அது. திருக்குறளின் 31ஆம் அதிகாரம் வெகுளாமை. இன்று 'அவன் ஒரு வெகுளி' என்று சொன்னால் சூதுவாது அறியாத அப்பாவி என்று பொருள். சினத்தின் பெயர் அப்பாவிக்கு ஆகிவிட்டது. தொல்காப்பியத்தைக் காட்டி, இந்தக் கால வெகுளியைக் கோபக்காரன் என்று ஒருவர் மொழிபெயர்த்தால் நாம் ஏற்போமா? பிறப்பு ஒரு சொல் நடந்துவந்த வழியைக் காட்டும். இப்போது அது எங்கே நிற்கிறது என்பதை அதைப் பேசுகிறவர்களின் வழக்கிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்த வழக்கைப் பார்த்தால், 'டெஸ்டி'க்கு மூன்று கூறுகள் இருப்பதைக் காண்கிறேன். முதலாவது, அதற்கு எரிபொருள் பொறுமையின்மை: ஒரே கேள்வி திரும்ப வருவது, காத்திருக்க வைப்பது, குறுக்கே பேசுவது. இரண்டாவது, அது பெரும்பாலும் பேச்சில் வெளிப்படுவது. ஆகவேதான் பதில், உரையாடல், செய்தியாளர் சந்திப்பு ஆகியவற்றுக்கு அடையாக அடிக்கடி வருகிறது. மூன்றாவது, அளவில் அது சிறியது. கத்துவதும் மேசையைத் தட்டுவதும் அதற்குள் அடங்கா. குரல் கூர்மையாகும், வாக்கியம் குட்டையாகும், அவ்வளவுதான். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைப் பார்க்க வேண்டும். நம்மிடம் இவ்வகைச் சொற்களுக்குக் குறைவே இல்லை. குறை, அவற்றைப் பிரித்தறியாமல் கையாள்வதில் இருக்கிறது.

'சிடுமூஞ்சி' என்பது பெயரிலேயே முகத்தைக் கொண்டிருக்கிறது. அந்த மனிதரின் முகமே எப்போதும் அப்படி என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'சர்லி' என்று ஒரு சொல் உண்டு. 'சர்' பட்டம் உடையவரைப் போல இறுமாப்பாக நடப்பவன் என்று தொடங்கிக் கடுகடுப்பானவன் என்று முடிந்த சொல் அது. சிடுமூஞ்சியை அதற்கு வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை மட்டும் வெடுக்கென்று பேசிவிட்ட அமைச்சரைச் சிடுமூஞ்சி என்பது மூலத்தில் இல்லாத பழியை அவர்மேல் சுமத்துவதாகும். உம்மணாமூஞ்சி பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர். 'டெஸ்டி'யானவர் பேசுகிறார், அதுதான் சிக்கலே. 'முன்கோபி' நிலையான குணத்தைச் சொல்வது. யோசனைக்கு முன்னால் வந்துவிடும் கோபம் என்ற அளவில் 'முன்கோபம்' பழைய 'டெஸ்டிஃப்' என்பதன் பாய்ச்சலுக்கு அருகில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் முன்கோபி கோபித்தால் தெருவுக்கே கேட்கும், ஆகவே அளவு பொருந்தவில்லை. 'வள்ளென்று விழுந்தார்' என்பதில் நாயின் குரைப்பு இருப்பதால் மரியாதை குறைகிறது. நாவலில் பாத்திரங்கள் பேசும் இடத்தில் அழகாக இருக்கும், செய்தியில் கூடாது. மற்றவர் சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளும் 'டச்சி'க்குத் 'தொட்டாற்சிணுங்கி'யைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழியும் தந்துவிட முடியாது. செவிலித்தாயின் 'டெட்சி'க்குச் சிணுக்கமும் முரண்டும்.

'டெஸ்டி'க்கு என் கை முதலில் போவது 'சிடுசிடுப்பு'. காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி விழுந்தால் எழும் ஓசையும் சிடுசிடுப்புத்தான். சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவது, பற்றி எரியாதது. அளவும் வேகமும் இவ்வளவு சரியாக அமைந்த சொல் வேறு எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவரின் அன்றைய மனநிலையைச் சொல்ல இது போதும்: 'காலையிலிருந்தே சிடுசிடுவென்று இருக்கிறார்.' வயதான பாத்திரத்தின் குணமாக வந்தால் 'சிடுசிடுப்பான பெரியவர்' என்று எழுதுகிறேன். நோயாலோ தனிமையாலோ வந்த எரிச்சல் என்ற இரக்கத்துக்கு அதில் இடம் இருக்கிறது, சிடுமூஞ்சியில் இல்லை. ஒரு பதிலுக்கு அடையாக வரும்போது பெயரடையை விட்டுவிட்டு வினையின் பக்கம் போய்விடுவதே தமிழுக்கு இயல்பு. 'சிடுசிடுப்பான பதிலை அளித்தார்' என்பது தவறன்று. ஆனால் நாம் அப்படிப் பேசுவதில்லை. வெடுக்கென்று சொன்னார், எரிச்சலோடு சொன்னார், முகத்திலடித்தாற்போலச் சொன்னார் என்றுதான் பேசுகிறோம். இவற்றில் கடைசியானது எதிரில் இருப்பவரைப் புண்படுத்தும் நோக்கத்தையும் சேர்த்துவிடுவதால் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். இரு தரப்பினரிடையே நடந்த 'டெஸ்டி'யான உரையாடலைப் பலரும் 'காரசாரமான விவாதம்' என்று எழுதுகிறார்கள். காரசாரத்தில் இருவரும் முழு வேகத்தோடு மோதுகிறார்கள், அதில் ஒரு சுவையும் இருக்கிறது. 'டெஸ்டி'யான உரையாடலில் சுவை இல்லை. இருவருக்கும் விரைவில் எழுந்து போய்விட வேண்டும் என்றிருக்கும். அங்கே 'இருவரும் எரிச்சலோடு பேசிக்கொண்டனர்' என்ற எளிய வாக்கியமே உண்மையானது.

நான் செப்பனிட வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இதே சொல்லுக்குச் 'சோதனை மிகுந்த பதில்' என்று இருந்ததைப் பல ஆண்டுகளுக்கு முன் கண்டேன். அதை எழுதியவர் நல்ல ஆங்கிலம் அறிந்தவர். அகராதியைப் பார்க்கத் தோன்றாத அளவுக்குச் சொல்லின் உருவம் அவருக்குப் பழகியதாகத் தெரிந்துவிட்டது. அதே ஐயம் உங்களுக்கு வந்தபோது நீங்கள் அகராதியைப் பார்த்தீர்கள், அதுவும் போதாமல் கேட்டீர்கள். நீங்கள் குறிப்பிட்ட வாக்கியத்தை நான் இப்படித் தருவேன்: 'செய்தியாளர் மூன்றாம் முறையும் அதையே கேட்டதும், அமைச்சர் வெடுக்கென்று பதில் சொன்னார்.' மூன்றாம் முறை என்பது வாக்கியத்திலேயே இருப்பதால் 'பொறுமையிழந்து' என்று தனியே சேர்க்க வேண்டியதில்லை. அந்தக் குறிப்பு மூலத்தில் இல்லாமல், அவர் 'டெஸ்டி'யாகப் பதிலளித்தார் என்று மட்டும் இருந்திருந்தால், 'பொறுமையிழந்து வெடுக்கென்று' என இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பேன்.